பூங்காவைப் பேணிவரும் அனைவருக்கும் ஒரு நன்றி மடல்

தோட்டப் பணியாளர்களுக்கும், சிலைகளைப் பேணும் சிற்பிகளுக்கும், பறவைகளையும் பூச்சிகளையும் கணக்கெடுத்துவரும் தன்னார்வலர்களுக்கும், இரவுக் காவலர்களுக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

மலர்ச்செடிகளும் சிற்பங்களும் காட்டுயிர்களும் ஒரே வளாகத்தில் இருப்பது காண்பதற்கு இனிது. பேணுவதற்கோ மிகக் கடினம். பூச்செடிக்கு நல்லதென்று தெளிக்கும் மருந்து பட்டாம்பூச்சியின் புழுவைக் கொல்கிறது. புல்வெளிக்குப் பீய்ச்சும் நீர் கற்சிலையில் உப்பைப் படியவைக்கிறது. சிலைமேல் வந்தமரும் பறவையின் எச்சம் வெண்கலத்தை அரிக்கிறது. ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றை இழந்துவிடாத வழியை நீங்கள் பொறுமையாகக் கண்டறிந்திருக்கிறீர்கள். நீங்கள் செய்தவற்றுக்கும், தெரிந்தே செய்யாமல் விட்டவற்றுக்கும் சேர்த்து நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறோம்.

தோட்டப் பணியாளர்களே, வேலியோரத்து எருக்கைக் களையென்று வெட்டி எறியாமல் விட்டுவைத்தீர்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி எருக்கிலும் அதன் இனச் செடிகளிலும்தான் முட்டையிடுகிறது. அதன் புழு எருக்கம்பாலிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்வதால், சிறகு முளைத்த பின்னும் பறவைகள் அதைத் தீண்டத் தயங்குகின்றன. இலையெல்லாம் ஓட்டை விழுந்த செடி பார்வைக்கு அழகில்லை என்று முறையிட்டவர்களிடம் இதைச் சலிப்பில்லாமல் விளக்கியவர்கள் நீங்களே. உதிர்ந்த சருகை எரிக்காமல் புதரடியில் குவித்ததால் அரணைகள் அங்கே தங்கின. பட்டுப்போன மரத்தையும், பாதைக்கு மேலே நீண்ட கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, நிற்கவிட்டீர்கள்; மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தில் இப்போது மைனாக்கள் குடியிருக்கின்றன.

நாகலிங்க மரத்துக்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தில் பூக்கள் அடிமரத்திலிருந்தே நீளும் காம்புகளில் மலர்கின்றன. அப்பூவில் தேன் இல்லை; நாடிவரும் கருவண்டுக்கு அது தருவது மகரந்தம் மட்டுமே. படமெடுத்தாற்போல் கவிந்திருக்கும் பகுதியில் கருவுறச் செய்யாத மகரந்தத்தை உணவாக வைத்திருக்கிறது. அதை எடுக்க வண்டு நுழையும்போது, நடுவில் வளையமாக அமைந்த கேசரங்கள் கருவுறச் செய்யும் மகரந்தத்தை அதன் உடலில் பூசிவிடுகின்றன. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டைப் பறித்துக் கையில் வைத்துக்கொள்ளாமல் நின்று பார்க்கும்படி, மரத்தைச் சுற்றித் தாழ்வான கயிறு கட்டி, எளிய விளக்கப் பலகையும் வைத்தீர்கள். அதைப் படித்த குழந்தைகள் வண்டு வரும்வரை அங்கேயே காத்து நிற்பதைப் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

சிற்பிகளே, உங்கள் பணி பலர் கண்ணில் படுவதில்லை. அரசம்பழத்தையும் ஆலம்பழத்தையும் தின்ற பறவைகளின் எச்சத்தால் விதைகள் சிலையின் இடுக்குகளில் விழுந்து முளைக்கின்றன. கவனிக்காமல் விட்டால் வேர் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். கன்று விரலளவு இருக்கும்போதே கண்டுபிடித்து, கல் சிதையாமல் வேரோடு எடுத்து, அதைத் தூக்கி எறியவும் மனமில்லாமல் திறந்தவெளியில் நட்டீர்களே, அந்தப் பரிவை நாங்கள் மறக்கமாட்டோம். விரிசல்களைச் சிமெண்டால் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிக் கல்லைப் பொரியச் செய்யும் என்பதால் சுண்ணாம்புக் காரையால் அடைத்தீர்கள். உள்ளிருந்த இரும்பு முளைகள் துருவேறிப் பருத்துக் கல்லை உடைக்கத் தொடங்குமுன் அவற்றை நீக்கித் துருப்பிடிக்காத எஃகு முளைகளைப் பொருத்தினீர்கள். வெண்கலத்தின் மேல் நிலைத்துவிட்ட பச்சைப் படலத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்காமல், எச்சத்தை மட்டும் மென்மையாகக் கழுவி மெழுகு பூசினீர்கள். சிலை புதிதுபோல் மின்ன வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. எங்கள் எண்ணத்தில், வயதை மறைக்காத சிலையே அழகு.

தன்னார்வலர்களின் பதிவுகள் இல்லாதிருந்தால் அல்லிக்குளத்தில் கொசுவை ஒழிக்க மருந்து கொட்டப்பட்டிருக்கும். கொசுப் புழுக்களைத் தின்னும் தும்பியின் இளவுயிரிகள் அதே நீரில்தான் வளர்கின்றன என்பதை நீங்கள் குறிப்புகளோடு எடுத்துக்காட்டினீர்கள். சிலைகளை நோக்கி எரியும் விளக்குகளை அந்துப்பூச்சிகளின் பொருட்டு முன்னிரவிலேயே அணைக்கும் காவலர்களுக்கும், நீர்த்தெளிப்பான்களைப் பீடங்களிலிருந்து தள்ளி அமைத்துக் கொடுத்த குழாய்ப் பணியாளர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் சிலைகளுக்கு மெழுகு பூசும்போதும், இடுக்குகளில் கன்றுகளைத் தேடும்போதும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முறையாகக் கற்றுத் தந்தால், சொன்னபடி செய்ய எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

நன்றியுடன்,
பூங்காவை நாள்தோறும் நாடிவருவோர்