ஒகேனக்கல் செல்லும் உறுப்பினர்களின் கவனத்திற்கு
ஒகேனக்கல்லில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறக்கப்படும் நீர் வந்து சேர்ந்ததும் காவிரியின் ஓட்டம் உயர்ந்துவிடும் என்பதால், அன்றைய நீர்வரத்து எத்தனை கனஅடி என்று விசாரிக்காமல் யாரும் ஆற்றில் இறங்கவோ பரிசலில் ஏறவோ வேண்டாம். ஓட்டத்தின் வேகம் 2 மடங்கானால் உடலைத் தள்ளும் விசை 4 மடங்காகும். நீச்சல் தெரிந்தவர்களே இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கினால் இடுப்பளவு நீரே ஆளைக் கவிழ்த்து அழுத்திவிடும். மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி கரைப்பக்கம் ஒதுங்கப் பாருங்கள். அருவியின் அடியில் நுரைத்துச் சுழலும் நீரில் காற்று கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது. பரிசலில் தரப்படும் உயிர்காப்பு உடுப்பின் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக மாட்டியது தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.