அம்மாவின் குதிகால்

ஹட்டன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் போடப் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா, வீடு நிறைய ஆட்கள். அது முடிந்த கையோடு அம்மாவுக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். குதிகாலுக்கு மேலே இரண்டு விரலுக்குள் பிடிபடுமே, அந்தத் தடித்த நாரில்தான் வலி. தொட்டுப் பார்த்தேன். காய்ந்த கயிறு மாதிரி இருந்தது, ஓரிடத்தில் மட்டும் முடிச்சுப் போட்டாற்போல வீக்கம்.

கிளினிக்கில் காட்டினோம். "வயசு போனா அப்படித்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. வயசு போனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று இரவிரவாகத் தேடி வாசித்தேன்.

எல்லாம் கொலாஜன் என்கிற புரதத்தின் கதை. நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். மூன்று புரியை ஒன்றாக முறுக்கின கயிறு என்று வைத்துக்கொள். தசையை எலும்போடு கட்டும் நார் பெரும்பாலும் இதனால் ஆனது. தசைக்குள்ளும் ஒவ்வொரு தசை இழையையும் உறை போலச் சுற்றியிருக்கிறது. சிறு வயதில் இந்தக் கயிறுகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு இலேசானது. வருடம் போகப் போக அது முதிர்ந்து, சூடு பட்டாலும் விடாத பிடியாக இறுகிவிடுகிறது.

திருவிழாக் கறியில் இதைக் கண்ணால் கண்டேன். குட்டியின் கால் இறைச்சி ஒரு மணித்தியாலத்தில் எலும்பை விட்டுக் கழன்றது. சவ்வெல்லாம் கரைந்து குழம்பு விரலில் ஒட்டியது. கிழட்டுக் கிடாயின் காலோ மூன்று மணித்தியாலம் விறகெரித்தும் வெள்ளைச் சவ்வு அப்படியே ரப்பர் மாதிரி. போதாக்குறைக்கு இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. கடைசியில் பிரஷர் குக்கரில் போட்டுத்தான் இறக்கினோம். அப்புறம், இரத்தத்திலுள்ள சீனியும் சும்மா இருப்பதில்லை. பழைய கொலாஜனில் ஒட்டி, வேண்டாத பிணைப்புகளைப் போடுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது வேகமாக நடக்கும். அம்மாவுக்கு ஒன்பது வருடமாகச் சீனி. சாயத்துக்கு, அதுதான் வெறும் தேநீருக்கு, இரண்டு கரண்டி சீனி போடுவதை நிறுத்தச் சொல்லி நான் படும் பாடு உனக்குத் தெரியும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுவல்ல. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தக் குதிகால் நாரையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1955க்கும் 1963க்கும் இடையில் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் உலகம் முழுக்கக் காற்றில் காபன்-14 என்கிற கதிர்வீச்சுள்ள காபன் வகை கூடியது. செடி வழியாக, சாப்பாடு வழியாக எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. நம்ம மலைக் கொழுந்திலும் சேர்ந்திருக்கும். பிறகு அதன் அளவு வருடாவருடம் குறைந்துகொண்டே வந்ததால், ஓர் இழையத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அது எந்தக் காலத்தில் உருவானது என்று சொல்லலாம். அவர்கள் கண்டது: அந்த நாரின் நடுப்பகுதி நாம் வளர்கிற வயதில், ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. தசை அப்படியில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது.

யோசித்துப் பார். அம்மா 1950இல் பிறந்தவர். 14 வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க மலையேறியவர். இன்றைக்கு என் விரலுக்குள் பிடிபட்ட அந்த நார், லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்த சிறுமியின் நார். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு அத்தனை வருடம் சரிவில் நின்றதும் அதே நாரில்தான். கொலாஜன் சரியாக முறுக்கேற விற்றமின் சி வேண்டும். சின்னப் பிள்ளையில் கொய்யா மரத்தை விட்டு இறங்கவே மாட்டாராம், தானே சொல்வார். அந்தக் கொய்யாவை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் வெறும் சாயத்தோடு பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளின் முகமும் கூடவே வந்தது. அப்போதே தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்று இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன்.

சரி, இப்போது ஒரு பயிற்சி சொல்லித் தந்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கும் மெதுமெதுவாகப் பாரம் கொடுத்துப் பழக்கினால் நாருக்குப் பலம் கூடுமாம். இஸ்தோப்பு (முன் திண்ணை) படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். உன் அம்மாவின் காலுக்கும் சரிவருமா என்று முதலில் கேட்டுப் பார். இங்கே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு தினமும் பதினைந்து எண்ணுகிறார். இன்று எட்டோடு நிறுத்திவிட்டு, தோட்டத்தில் அரைநாள் சம்பளம் போடுவதைச் சொல்வது போல "இன்னைக்கு அரைப் பேருதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

என்றும் உன் பிரியமுள்ள தோழி