அந்த இருபது ரூபாய் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஜிட்டல் பணப் பரிமாற்றத்துக்குப் புதுக் கருவிகள் செய்கிற கல்லூரி மாணவர் போட்டிகளைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை, நடுநடுவே பருப்பு நிறுத்துப் போட்டுக்கொண்டே படித்து முடித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் பேசியவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள், பரிசு வாங்கிய பிள்ளைகள். அந்தக் கருவியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக் காலை ஆறரையிலிருந்து ராத்திரி பத்து வரை அதோடு மல்லுக்கட்டப் போகிற ஆள் ஒருத்தரைக்கூடக் காணோம். அதனால்தான் எழுதுகிறேன். விருதுநகரில் 23 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன், வேறு தகுதி எதுவும் எனக்கில்லை.

இப்படி ஒரு போட்டிக்கு நானும் போயிருக்கிறேன். பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் (பெயர் வேண்டாம், பிள்ளைகள் சங்கடப்படுவார்கள்) வியாபாரிகள் சார்பில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள். மதிப்பெண் தாள் நடுவர்களுக்கு மட்டும்தான். எனக்கு ஒரு சால்வையும் காபியும்.

முதல் மேசையில் விரல்ரேகை வைத்தால் பணம் போகிற பெட்டி. "கை வைங்க அங்கிள்" என்றான் பையன். வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. உப்பும் புளியும் வெல்லமும் அள்ளி அள்ளித் தேய்ந்துபோன விரல் அது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள், "ரேகை விழல" என்றால் என்னவென்று அவர்கள் சொல்வார்கள். பையன் தன் விரலை வைத்துக் காட்டினான், உடனே பச்சை. அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

அடுத்தது மோதிரம். காட்டினாலே பணம் போய்விடுமாம். சார்ஜ் போடணுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள், சரி, நல்லது. தொலைந்துபோனால்? போனில் ஆப்பைத் திறந்து முடக்கிவிடலாம் என்றார்கள். ஆப் உள்ள போன் கையில் இருக்கிற ஆள் மோதிரம் எதுக்குப்பா வாங்கணும் என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், பதில் வரவில்லை. இன்னொரு குழு, கடைக்காரரிடம் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அரை சதவீதம் பிடிப்போம், அதுதான் எங்கள் வருமானம் என்று படம் போட்டுக் காட்டியது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் அப்படிக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவருக்கும் தெரிந்தமாதிரி தெரியவில்லை. பணம் வந்ததும் தொகையைக் குரலில் சொல்கிற ஸ்பீக்கர் பெட்டிக்கு எங்களிடம் மாத வாடகை என்று வாங்குவதே அந்தக் கட்டணம் இல்லாததால்தானே!

அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குறை சொல்ல இல்லை, அது வந்த பிறகுதான் பணம் போட்டமாதிரி போனில் பொய்த் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு என் கடைக்கு வந்து பாருங்கள். கல்லா முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருவர் டீத்தூள் பாக்கெட், இன்னொருவர் ஒரு தேங்காய்ச் சில்லும் பத்து ரூபாய்க்குப் பச்சைமிளகாயும், ரெண்டுமே இருபது ரூபாய், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் க்யூஆர் அட்டைக்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். பெட்டி ஒரு தடவை சொல்கிறது, இருபது ரூபாய் வந்தது என்று. "அண்ணாச்சி, போட்டாச்சு" என்று ரெண்டு குரல். ஒரு போனில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமலே அவர் பையைத் தூக்கிக்கொண்டு பாதித் தெரு போய்விட்டார். அந்த இருபது ரூபாய் யாருடையது? தராசை விட்டுவிட்டு என் போனைத் திறந்து பார்த்தால் அதில் இருப்பது கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் பெயர். வந்தது மருமகள், கணக்கு மாமனார் பேரில். முகத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. அப்புறம் ராத்திரி கணக்குப் பார்க்கையில் இருபது குறையும். ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் மனசு வராது, பாதிப் பேருக்குத் தங்கள் பணம் போகவில்லை என்பதே தெரியாது. பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்கு டவர் கிடைக்காத நாளில் இன்னும் மோசம், ஆள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு "நாற்பத்தைந்து ரூபாய்" என்று கத்தும்.

இந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கு அங்கிருந்த இருபத்துச் சொச்சம் மேசைகளில் ஒன்றில்கூட விடை இல்லை. ஏனென்றால் அது ஒரு கேள்வி என்றே யாருக்கும் தெரியாது. செய்தவை எல்லாமே பணம் கொடுக்கிறவருக்கான கருவிகள், வாங்குகிறவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொகையோடு சேர்ந்து வருகிற க்யூஆர் பெரிய கடைகளில் உண்டே என்பீர்கள். உண்டுதான், ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் தொகையைத் தட்ட அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். என் கடையில் வேலை பார்க்கும் பையன், பத்தாம் வகுப்போடு நின்றவன், ஒருநாள் சொன்னான்: "தராசுக்குத்தான் எடையும் தெரியுது, விலையும் தெரியுதே அண்ணாச்சி, அதுவே க்யூஆர் காட்டிட்டா என்ன?" சரியான கேள்வி. அதை எப்படிச் செய்வது, என்ன செலவாகும் என்பது படித்த பிள்ளைகள் பாடு.

ரிசர்வ் வங்கியும் ஹார்பிஞ்சர் என்று ஒரு போட்டி நடத்தியது தெரிந்திருக்கும். 2021 நவம்பரில் அறிவித்தார்கள், ஜெயிப்பவருக்கு 40 லட்சம். அது மாணவர்களுக்கு மட்டுமானதில்லை, ஆனால் அதில் முதலாவதாகக் கொடுத்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: சில்லறைப் பணத்தில் நடக்கிற சின்னச் சின்ன வியாபாரத்தைச் செல்போன் இல்லாமலே டிஜிட்டலுக்குக் கொண்டுவர எளிதான வழி என்ன? 2023-ல் ரெண்டாவது தடவை நடத்தியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு வசதியான வங்கிச் சேவை என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் போட்டி வைக்கும்போது இந்தமாதிரி ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தால் போதாதா? 'புதுமையான கருவி செய்க' என்றால் பிள்ளைகள் மோதிரம்தான் செய்வார்கள்.

மாற்றுத்திறனாளி என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் கடைசி மேசையில் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள். காது கேளாத ஒரு இஸ்திரிக்காரருக்காகச் செய்த கருவி அது. ஸ்பீக்கர் பெட்டி கத்தி அவருக்கு என்ன பிரயோஜனம்? நாலு சனிக்கிழமை அவர் வண்டிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். முதலில் மணிக்கட்டுப் பட்டை ஒன்று செய்தார்களாம், நூறு ரூபாய்க்கு நீளமாக ஒரு அதிர்வு, பத்து ரூபாய்க்குக் குட்டி அதிர்வு. கையில் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு அவரால் எண்ண முடியவில்லை. எண்ணிக்கை வேண்டாம், வந்ததா இல்லையா அது தெரிந்தால் போதும், தொகையை நான் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்று மகன் மூலமாகச் சொல்லியிருக்கிறார். அப்புறம் பட்டையில் ஒரே ஒரு அதிர்வு, வண்டிக் கம்பியில் பெரிய சிவப்பு எண்கள் என்று மாற்றினார்கள். முதலில் மாட்டிய எண் பலகை இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் ஓரம் உருகிவிட்டது, அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். எனக்கு அந்த உருகின பலகையைத்தான் ரொம்பப் பிடித்தது. ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், "புதுமை போதாது" என்றாராம் நடுவர்.

இன்னொன்று. இணையமே இல்லாமல் சின்னத் தொகை கொடுக்க ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் விதி கொண்டுவந்தது, ஒரு தடவைக்கு 200 ரூபாய் வரை, மறு வருடம் ஆகஸ்டில் 500 ஆக்கினார்கள். சாதாரண பட்டன் போனிலும் யுபிஐ பயன்படுத்த 123பே என்ற வசதி 2022 மார்ச்சில் வந்தது, மிஸ்டு கால் கொடுத்தும் பணம் அனுப்பலாம், ஒலி மூலமாகவும் அனுப்பலாம். எல்லாம் இருக்கிறது, ஆனால் என் கடைக்கு அதை வைத்துப் பணம் கொடுத்தவர் இதுவரை ஒருவரும் வரவில்லை. பங்குனிப் பொங்கல் சமயத்தில் என் மச்சினன் பொருட்காட்சிப் பக்கம் சேவுக்கடை போடுவான், கூட்டத்தில் டவர் திணறும், அந்த ஒரு வாரத்துக்குச் சில்லறை மாற்ற அவன் படுகிற பாட்டைப் பார்த்தால் மாணவர்களுக்குப் பத்துப் போட்டிக்குக் கேள்வி கிடைக்கும்.

நான் கேட்பது இதுதான். மேடையில் அன்றைக்கே முழுப் பரிசையும் கொடுக்காதீர்கள். பாதியைக் கொடுத்துவிட்டு, கருவி மூன்று மாதம் ஏதாவது ஒரு கடையில் தூசியிலும் ஈரக்கையிலும் கிடந்து உயிரோடு இருந்தால் மீதியைக் கொடுங்கள். மதிப்பெண் தாளில் அந்தக் கடைக்காரருக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

கடை வேண்டுமென்றால் என் கடை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின பத்து நாள் மட்டும் வேண்டாம், அந்த நாட்களில் என் மனைவியே என்னோடு பேச முடியாது. விரல்ரேகைப் பெட்டி செய்த பையனும் தாராளமாக வரலாம். ஒரு மாதம் என்னோடு நின்று வெல்லம் நிறுக்கட்டும், அப்புறம் அவன் ரேகை விழுகிறதா என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
விருதுநகர்.