கடற்கரை ஹோட்டல்களில் வேலை பார்க்கும் நம் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

பெந்தோட்டையிலிருந்து தங்காலை வரை எந்த ஹோட்டலுக்குப் போனாலும் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுகிறது. சமையலறையில், அறை துப்புரவில், பூந்தோட்டத்தில், நைட் ஷிப்ட் காவலில், மெயின்டனன்ஸில் என்று பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, பூண்டுலோயாப் பிள்ளைகள் எங்கும் இருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கம் வயரிங் வேலை செய்கிற ஆள். வேலை பழக்கியும் விடுகிறேன். என்னிடம் பழகிப் போனவர்களும் உங்களில் உண்டு.

மாசி மாதம் அவர்களில் ஒருவர் கோல் எடுத்தார். "பாஸ், கடல் பக்கம் நூறு வாட் எல்இடி ஃபிளட் லைட் நாலு போடச் சொல்றாங்க. தென்னை மரத்துல கட்டணுமாம். ராவுல அலை பளிச்சுனு தெரியணுமாம். எந்த வயர் இழுக்கட்டும்?" வயரைப் பற்றிச் சொல்லுமுன் நான் ஒன்று கேட்டேன்: "அந்தக் கரையில ஆமை ஏறுதா?" "ஏறும் பாஸ். காலையில தடம் கிடக்கும்" என்றார். ஒரு கோலில் அவருக்குச் சொல்லி முடிக்க முடியாததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். ஆமை ஏறும் கரையில், இரவில் கடலைப் பார்த்து எரியும் விளக்கை அணையுங்கள். அணைக்க முடியாத விளக்கை மறையுங்கள், தாழ்த்துங்கள், நிறத்தை மாற்றுங்கள். சுவிட்ச் முதலாளியின் சொத்துதான். ஆனால் மாலையில் அதைப் போடுவதும் இரவில் அணைப்பதும் பெரும்பாலும் உங்கள் கைதான்.

உலகத்தில் கடலாமை 7 இனம். அதில் 5 இனம் இலங்கைக் கரைக்கு வந்து முட்டையிடுகின்றன: பேராமை என்கிற பச்சை ஆமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, எல்லாவற்றிலும் பெரியதான தோணியாமை. இந்தச் சின்னத் தீவுக்கு அது பெரிய கொடுப்பினை. ஒரு பச்சை ஆமை முட்டையிடும் வயதுக்கு வர 20, 30 வருஷம், அதற்கு மேலும் ஆகும். அத்தனை காலம் வலைக்கும் படகுக்கும் தப்பிய தாய், இருட்டிய பிறகு தன் பாரத்தை இழுத்துக்கொண்டு கரையேறுகிறது. கரை வெளிச்சமாக இருந்தால், குழியே தோண்டாமல் கடலுக்குத் திரும்பிவிடும். வேறு இடம் தேடி அலையும். தொடர்ந்து விரட்டப்பட்டால் பொருந்தாத இடத்தில் முட்டையிடும், சில வேளை கடலிலேயே முட்டையை விட்டுவிடும். முட்டை எடுத்து விற்பவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடலாமை 1972 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர். முட்டையிட வந்த தாயை வெளிச்சம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவரை யார் கேட்கிறார்கள்?

குஞ்சுகளின் பாடு இதைவிடக் கொடுமை. ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல் இருக்கும். ஏறக்குறைய 50, 60 நாளில் குஞ்சுகள் பொரித்து, மணல் குளிர்கிற இரவு நேரத்தில் கூட்டமாக மேலே வரும். வழிகாட்டத் தாய் பக்கத்தில் இல்லை. கண்தான் துணை. மனிதன் கை படாத கரையில் தரைப் பக்கம் தாழையும் மரமும் மணல் மேடும் கறுப்பாக உயர்ந்து நிற்கும். கடல் பக்கம் அடிவானம் தாழ்ந்து, சற்று வெளுத்திருக்கும். உயர்ந்த கறுப்பை விட்டு விலகித் தாழ்ந்த வெளுப்பைப் பார்த்து ஓடினால் தண்ணீர். எத்தனையோ லட்சம் வருஷமாக அந்தக் கணக்கு சரியாக இருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் நாம் பல்பை எரியவிட்ட பிறகு அது தலைகீழாகிவிட்டது.

தங்காலைக்கு அப்பால் ஒரு ஹோட்டலில் விடியற்காலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மணலில் ஒரு சிறு பள்ளம். அதிலிருந்து தடங்கள் கிளம்புகின்றன. ஒவ்வொரு தடமும் உள்ளங்கை அகலம்கூட இல்லை, இரண்டு பக்கமும் துடுப்பு மாறி மாறிக் குத்திய சின்னச் சின்னக் கோடுகள். அவை விசிறி விரித்த மாதிரி கடலை நோக்கிப் போயிருக்க வேண்டும். அவை போனதோ தரைப் பக்கம். வெள்ளை விளக்குக் கம்பத்தின் அடியில் வட்டம் வட்டமாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மழை விட்ட இரவில் டியூப் லைட்டைச் சுற்றும் ஈசல் மணலில் கோடு போட்டால் எப்படி இருக்குமோ அப்படிக் கிடந்தன. அங்கிருந்து புல்தரைக்குப் போய், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துக் கானில் முடிந்தன. கானுக்குள் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் முன் துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தது. தோட்ட வேலைக்கு நின்றவர் நம் பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன். விருந்தினர் எழும்புமுன் இதையெல்லாம் கூட்டி அள்ளுவது அவர் வேலை. "சீசன்ல அடிக்கடி இப்பிடித்தான் அண்ணே" என்றார். அவர் குரலில் இருந்த வேதனையை நான் மறக்கவில்லை.

குஞ்சு வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சட்கருவோடுதான் வெளியே வருகிறது. முதல் ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போக அதுதான் சாப்பாடு. அந்தப் பலத்தை அது விளக்குக் கம்பத்தடியில் செலவழித்துவிட்டால், பிறகு யாரோ தூக்கிக் கடலில் விட்டாலும் பாதிச் சாவுதான். விடிந்தால் வெயில், காகம், நாய், நண்டு. வளர்ந்து திரும்பி வருவது ஆயிரத்தில் ஒன்று என்று சொல்வார்கள். இதற்கு மேல் நாமும் எடுத்துக்கொள்ள அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

இனி வேலைக்காரப் பேச்சு. குஞ்சின் கண்ணை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும் கலந்த ஒளி. வெள்ளை எல்இடியில் அது நிறைய இருக்கிறது. கடையில் 'வார்ம் வைட்' என்று தருவது நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் நீலச் சிப்பின் மேல் பூச்சுப் பூசியதுதான். பூச்சைத் தாண்டி நீலம் வரும். அதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வேண்டியது அலைநீளம் 560 நானோமீற்றருக்கு மேற்பட்ட ஒளி, அதாவது மஞ்சளிலிருந்து சிவப்பு வரையான ஒளி மட்டும் தரும் விளக்கு. 590 அளவில் எரியும் அசல் ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) எல்இடி, அல்லது சிவப்பு எல்இடி. வெள்ளை பல்பில் கலர் தாள் சுற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் சரிவராது; சூட்டில் வெளுத்து உரிந்துவிடும்.

நிறத்தைவிட முக்கியம் விளக்கு நிற்கும் இடம். பாதைக்கு வெளிச்சம் வேண்டுமா, முழங்கால் உயரத்தில், மேலும் பக்கமும் மூடி, கீழ் நோக்கி எரியும் சின்ன விளக்குப் போதும். தென்னையின் அடியிலிருந்து ஓலையைப் பார்த்து மேல் நோக்கி அடிக்கும் விளக்கு இருக்கிறதே, எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இருக்கிற அந்த அலங்காரம், அதைப்போல் வீணான விளக்கு வேறில்லை. அலையின் மேல் அடிக்கும் ஃபிளட் லைட் அதைவிட மோசம். மேல் மாடி அறைகளின் வெளிச்சத்துக்குக் கனமான திரை போதும். மாலையில் அறையைச் சரிபார்க்கப் போகும் தங்கைமார் அந்தத் திரையை இழுத்துவிட்டு வந்தாலே பெரிய உதவி. ஆள் நடக்கும்போது மட்டும் எரிகிற சென்சரும், குறித்த நேரத்தில் அணைக்கும் டைமரும் இன்று எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. நிலா இல்லாத இரவில் மணலுக்கு இறங்கி, தலை தரையோடு தரையாக வரும்படி படுத்து ஹோட்டலைத் திரும்பிப் பாருங்கள். பல்ப் நேரே கண்ணில் பட்டால் அது தப்பான விளக்கு. எழுந்து நில்லுங்கள். உங்கள் நிழல் மணலில் விழுந்தால் அதுவும் தப்பு.

வெளிச்சத்தை அணைக்கச் சொல்ல மலையகத்து ஆளுக்கு எப்படி மனம் வந்தது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது நம் தண்ணீரில். மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் கோவில் இடிபாடு இன்றும் தலைகாட்டும். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபோது தலவாக்கலையின் செயின்ட் கிளேயர் அருவி மெலிந்தது. இத்தனை கொடுத்தும், அந்த நீர்த்தேக்கங்களைப் பார்த்தபடி இருந்த தோட்டத் தொழிலாளர் லயங்கள் பல நெடுங்காலம் குப்பி விளக்கில்தான் கிடந்தன. உங்கள் அப்பா அம்மா அந்தப் புகையில்தான் படித்தார்கள். வெளிச்சத்தின் அருமை நமக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அதனால்தான், ஒரு பிள்ளையின் புத்தகத்தின் மேல் விழாமல், ஒருவர் நடக்கும் பாதையிலும் விழாமல், வெறும் கடல் நீரின் மேல் விடிய விடிய விழும் வெளிச்சத்தை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது நம் மலையின் தண்ணீர்.

உங்கள் வேலைக்குக் கேடு வரும்படி எதையும் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வயரைக் கழற்றாதீர்கள். முகாமையாளரிடம் பேசுங்கள். தனியாகப் போகாமல், சிங்களத் தோழர்களையும் கூட்டிக்கொண்டு, செஃப், செக்யூரிட்டி பொறுப்பாளர் என்று மூத்தவர் ஒருவரை முன்னால் விட்டுப் பேசுங்கள். முதல் பேச்சு கரண்ட் பில்லாக இருக்கட்டும். அந்தப் பேச்சு எந்த முதலாளியின் காதிலும் ஏறும். அடுத்தது விருந்தினர். தங்காலைக்குப் பக்கத்து ரெக்காவக் கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வெளிநாட்டார் காசு கொடுத்து இருட்டில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் முட்டை எடுத்து விற்றுப் பிழைத்த ஊரவர்களே 1990களில் அங்கே கூடுகளுக்குக் காவல் நிற்கத் தொடங்கினார்கள். 2006இல் அந்தக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்று காவல் பொறுப்பாளர் சொன்னால், ஃபிளட் லைட்டின் கண்கூச்சத்துக்குப் பின்னால் யார் நின்றாலும் தெரியாது என்பதை ஒருநாள் இரவு அவருக்கே காட்டுங்கள். எனக்குக் கோல் எடுத்த தம்பி அப்படித்தான் பேசினார். நாலில் இரண்டு விளக்கை வாகனம் நிறுத்தும் பக்கம் திருப்பிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் ஆம்பர் போட விலை கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு நடந்ததே எனக்குச் சந்தோஷம்.

ஒன்றை மட்டும் சாக்காகச் சொல்ல விடாதீர்கள்: "பக்கத்தில் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது, முட்டையை அங்கே கொடுத்துவிடுகிறோம்." கொஸ்கொடப் பக்கம் இது அதிகம் கேட்கும் பேச்சு. முட்டை மணலில் தாய் வைத்த இடத்தில் பொரிப்பதே நல்லது. குஞ்சைத் தொட்டியில் நாள்கணக்காக வைத்து, காசு வாங்கிப் பகலில் விடுவது அதன் முதல் நாள் நீச்சல் பலத்தைத் தின்றுவிடுகிறது.

இந்த மடலைப் படிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, கடல் நீர் ஏறும் எல்லையிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றருக்குள் கட்டட வேலைக்கு அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதிக்குக் கட்டட வரைபடம் கேட்கிற மாதிரி விளக்கு வரைபடமும் கேளுங்கள். எந்த விளக்கு, என்ன உயரம், எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன நிறம் என்று ஒரே தாளில் எழுதிவிடலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் கரையோர நிர்வாகங்கள் 1980களிலிருந்து ஆமைக் காலத்தில் கடற்கரை விளக்கைக் கட்டுப்படுத்தி வருகின்றன. அங்கே ஹோட்டல் தொழில் படுத்துவிடவில்லை.

ரெக்காவப் பக்கம் ஆமை ஏறுவது சித்திரை முதல் ஆனி வரை அதிகம். அந்த முட்டைகள் பொரிக்க ஆடி, ஆவணி ஆகிவிடும். அதே காலத்தில்தான் நம் ஊரிலிருந்தும் வான் பிடித்துக் கதிர்காமம் போகிறார்கள். நமுனுகுல மலையில் பிறந்து வரும் மாணிக்க கங்கையில் முழுகிவிட்டு, இரவில் கிரிந்தைக் கரையில் இறங்கி, போன் டோர்ச்சை அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது அவர்களிடமும் சொல்லுங்கள்: ஆமையைக் கண்டால் டோர்ச்சை அணைத்து, போட்டோ எடுக்காமல், பின்னால் தள்ளி அசையாமல் நிற்கட்டும்.

சித்திரைக்கு லீவு கிடைத்தவர்கள் பஸ் ஏறுமுன், கடல் பக்கச் சுவிட்சுகளுக்கு மூன்று மொழியிலும் லேபல் ஒட்டி, எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்று நைட் ஷிப்ட் ஆளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். லீவு கிடைக்காதவர்கள் அந்த ஆளாக நில்லுங்கள். எந்த பல்ப், என்ன ஷேட், எந்த டைமர் என்று சந்தேகம் வந்தால் எந்த நேரத்திலும் எனக்குக் கோல் எடுக்கலாம். என் நம்பர் உங்களில் பலரிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உங்கள் வயரிங் பாஸ்