கையெழுத்து மட்டும் போடாதே, தம்பி

சிங்காநல்லூர்
16.2.2009

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் சின்னவனும் நலந்தானே? போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் அம்மா வாங்கிக்கொள்கிறாள். உடம்பு, சாப்பாடு, குளிர் என்று பேச்சு போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெரியம்மா மகன் வியாழக்கிழமை விமானத்தில் ஷார்ஜா வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்ப இந்த முறை மனம் வரவில்லை.

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேசினாய். அங்கே ஒன்பதரை. வெள்ளிக்கிழமை அல்லாமல் வேறு நாளில் நீ பேசுவதே இல்லை. சைட்டிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட்டால் பின்னால் லாரி சத்தமும் யாரோ இந்தியில் கத்துவதும் கேட்கும். அன்றைக்குச் சின்னவன் பார்க்கிற கார்ட்டூன் சத்தம்தான் கேட்டது. "லீவா தம்பி?" என்றேன். "சும்மாதான் அப்பா" என்றாய். நான் மேலே கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பையன் திரும்பி வந்த விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவனும் துபாயில்தான் இருந்தான், கட்டடங்களுக்கு ஏ.சி. குழாய் போடும் கம்பெனியில். பொங்கலுக்கு முன்பு அவனை அறைக்குள் கூப்பிட்டு, "நீயாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, நல்ல சான்றிதழ் தருகிறோம், வேறு கம்பெனிக்குப் போகத் தடை வராமல் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம். தண்ணீர் கொடுத்து, தோளில் கைபோட்டுப் பேசியிருக்கிறார்கள். பையன் நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். கணக்கு முடித்துக் கையில் வந்த பணத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. இப்போது தினமும் சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்திருக்கலாம் மாமா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருபத்தெட்டு வயது.

உனக்கு அப்படி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், யார் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. வேலை இல்லை என்றால் அதை அவர்களே எழுத்தில் தரட்டும்.

சங்க ஆபீஸில் நம் வக்கீலிடம் கேட்டேன். அவர் இணையத்திலிருந்து அமீரகத்துத் தொழிலாளர் சட்டத்தை அச்செடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். 1980ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம். வேலையை விட்டுப் போகும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளம் என்று கிராஜுவிட்டி உண்டு. ஆள் குறைப்பில் கம்பெனி உன்னை அனுப்பினால் இது முழுதாக வர வேண்டும். நீயாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கணக்கே வேறு. காலக்கெடு இல்லாத ஒப்பந்தம் என்றால், மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு வேலை செய்தவனுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். காலக்கெடு போட்ட ஒப்பந்தமாக இருந்து, ஐந்து ஆண்டு முடியாமல் நடுவில் நீயே விலகினால் ஒன்றுமே கிடையாது. 137, 138ஆம் பிரிவுகள், நீயே எடுத்துப் பார்.

நீ விமானம் ஏறியது 2004 பங்குனிக் கடைசி. ஏப்ரல் வந்தால் ஐந்து ஆண்டு. அவசரம் யாருக்கு என்று யோசித்துப் பார். உன் அடிப்படைச் சம்பளம் 4,000 திர்ஹாம் என்று முன்பு சொன்ன நினைவில் போட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டுக்கு 14,000 திர்ஹாம் வருகிறது. இப்போது திர்ஹாமுக்கு 13 ரூபாய்க்குக் குறையாமல் கிடைக்கிறது, ஆக ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். இது யாரும் தரும் தானம் இல்லை. ஜூலை வெயிலில் இரும்புக்கம்பி சுட நீ நின்று சம்பாதித்தது.

இன்னொன்றும் வக்கீல் சொன்னார். தொழிலாளி வழக்குப் போட்டால் அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு கேட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் தொழிலாளர் அமைச்சகத்தில் மனுக் கொடுக்க வேண்டுமாம். மொழி தெரியவில்லை, ஊர் தெரியவில்லை என்று தயங்காதே. கேட்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, உன் வேலையில்தான் ஏதோ குறை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. பேப்பரைத் தினமும் முழுதாகப் படிக்கிறேன். போன ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போன கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானதும் உலகம் முழுக்கக் கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். கடனை நம்பி எழும்பிய ஊரில் கிரேன்கள் நிற்காமல் என்ன செய்யும்? ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கட்டப்போவதாகச் சொன்ன கோபுரத்தையே போன மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இங்கே திருப்பூரிலும் ஆர்டர் இல்லை. பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த நம் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் திடீரென்று வேலை தெரியாதவர்கள் ஆகிவிட்டார்களா?

உன் வேலை எனக்குத் தெரியும். நாங்கள் அங்கே வந்திருந்தபோது ஷேக் சாயித் ரோட்டில் ஒரு கட்டடத்தின் பாதாளக் கார் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாய். அம்மா காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு தூணின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துக் கீழிருந்து என் உயரம் வரைக்கும் தடவிக்கொண்டு போனேன். ஓர் இடத்தில்கூட ஜல்லி தெரியவில்லை, பொக்கு இல்லை, விளிம்பு நூல் பிடித்ததுபோல் போயிற்று. "இது உன் சைட்டா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாய். அந்தத் தூணைப் பற்றி நான் மில் நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

அந்தக் காரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய கார் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? புதிது எதற்கு என்று அப்போதே கேட்டேன். "தவணைதான் அப்பா" என்றாய். தவணைக்கு வங்கியில் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருப்பாய். வீட்டு வாடகைக்கும் தேதி போட்ட காசோலைகள் வீட்டுக்காரரிடம் இருக்கும். அங்கே காசோலை திரும்பினால் போலீஸ் வழக்கு, ஜெயில்வரை போகும் என்று எதிர்வீட்டுப் பையன் சொல்கிறான். விமான நிலையத்திலேயே காரை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். தம்பி, நம் வீட்டில் யாரும் அப்படி வரக்கூடாது. வழக்கு நிலுவையில் இருந்தால் பிறகு எந்த வளைகுடா நாட்டுக்கும் தைரியமாகப் போக முடியாது. ராத்திரியில் கிளம்பி வருவதைவிட, பகலில் வங்கிக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்காருவது மேல். கடைசிக் கணக்குப் பணம் வந்து விழுந்ததும் கடன் இருக்கிறவர்களின் கணக்கை முடக்கிவிடுகிறார்களாம். அதற்கு முன்பே போய்ப் பேசு. காரை விற்க முடிந்தால் வந்த விலைக்கு விற்றுவிடு. குறைகிற பணத்தை இங்கிருந்து அனுப்பலாம்.

எங்கிருந்து என்று கேட்பாய். சரவணம்பட்டி மனை எதற்கு இருக்கிறது? ஐ.டி. பூங்கா வருகிறது, விலை ஏறும் என்று நீ சொன்னது சரிதான், ஏறட்டும். நமக்கு வேண்டிய நேரத்தில் விற்பதற்குத்தான் அதை வாங்கினோம். பத்திரம் என் பெயரிலும் இருக்கிறது, நீ வரவேண்டியதுகூட இல்லை, அதிகாரப் பத்திரம் அனுப்பினால் போதும். இதில் யாரும் யாரிடமும் தலைகுனிய ஒன்றுமில்லை.

மில் மூடியபோது நீ பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. விருப்ப ஓய்வுப் படிவத்தை ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் வைத்தே நீட்டினார்கள். பெரிய மாமா அதில் கையெழுத்துப் போட்டதும், அதன் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்பதும் உனக்குத் தெரியும், திரும்ப எழுத வேண்டியதில்லை. நான் போடவில்லை. எங்களுக்கு இங்கே தொழில் தகராறுச் சட்டத்தில் 25-எப் என்று ஒரு பிரிவு இருந்தது, ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். இழுத்தடித்து, லேபர் ஆபீஸுக்கு நடந்து, கடைசியில் வாங்கினோம். உன் கடைசி வருடப் பீஸ் அந்தப் பணம்தான்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. மில் சங்கு நின்ற பிறகும் எனக்கு நான்கரைக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து எங்கே போவது? இருட்டிலேயே குளக்கரை வரை நடப்பேன். அந்த வருடம் ஒரு கல்யாண வீட்டுக்கும் நான் போகவில்லை, அம்மா மட்டும் மொய்க்கவர் எடுத்துக்கொண்டு போவாள். "இப்போது எங்கே வேலை?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதுதான் காரணம். உன்னிடம்கூடப் பேசாமல் இருந்தேன். பீளமேட்டில் பம்புசெட் குடோனில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் உன் முகத்தைப் பார்த்துப் பேசினேன். ஆகவே நீ பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபமும் இல்லை. ஆனால் எனக்கு அப்போது உன்னைப்போல ஊர்விட்டு ஊர் வந்து, விசா தேதியை எண்ணிக்கொண்டு இருக்கும் நிலைமை இல்லை. நீ தனியாக இதைச் சுமக்க முடியாது. மருமகளிடமாவது முழுதாகச் சொல்லிவிட்டாயா?

அவள் போன வாரம் அம்மாவிடம், "இங்கே நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இடம் கிடைக்குமா அத்தை, சும்மாதான் கேட்டேன்" என்றிருக்கிறாள். நான் விசாரித்துவிட்டேன். அவிநாசி ரோட்டில் ஒரு பள்ளியில் ஏப்ரலிலும் சேர்த்துக்கொள்கிறார்களாம். பாப்பாவுக்கு அங்கே மார்ச்சில் பரீட்சை. அதை எழுதவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது, ஒரு வருடப் படிப்பை வீணாக்கக் கூடாது. அதற்கும் இந்தக் கையெழுத்து விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. கம்பெனியே முறையாக நோட்டீஸ் கொடுத்தால் முப்பது நாள் சம்பளத்தோடு இருக்கலாம். விசா ரத்தான பிறகும் முப்பது நாள் தருகிறார்கள். குடும்பத்தின் விசா எல்லாம் உன் விசாவில் தொங்குவதால், நீ இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் குழந்தை பரீட்சை நடுவில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். டி.சி. வாங்கும்போது அங்கே என்னென்ன முத்திரை வேண்டும் என்று பள்ளியிலேயே கேட்டுக்கொள். இங்கே வந்த பிறகு அதற்காக அலைய முடியாது.

மாடிப் போர்ஷன் தை மாதம் காலியாயிற்று. குடிவர இரண்டு மூன்று பேர் வந்து கேட்டார்கள். நல்ல வாடகைதான். அம்மா எல்லாரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போன வாரம் ஆள் வைத்து வெள்ளையடித்தாள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். உன் புதன்கிழமை போனுக்கு முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது.

வருவதென்றால் வா. ஷார்ஜாவிலேயே இருந்து வேறு வேலை தேடுவதென்றால் அதுவும் சரி, மருமகளையும் குழந்தைகளையும் மட்டும் அனுப்பிவிட்டு நீ ஏதாவது அறையில் பங்கு போட்டுத் தங்கலாம். கத்தார், அபுதாபிப் பக்கம் இன்னும் வேலை நடக்கிறது என்கிறார்கள். உனக்கு எது சரியோ அதைச் செய், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவர்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிடு. அதற்கு யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை பேசு. முதலில் என்னிடம் பேசு, அம்மாவிடம் பிறகு கொடுக்கிறேன். உன் ஒப்பந்தம் காலக்கெடு உள்ளதா, இல்லாததா, அதை மட்டும் பார்த்துச் சொல். மற்றதெல்லாம் உனக்குச் சொல்ல வரும்போது சொல்லலாம். வக்கீல் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீஸில் இருப்பார், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

பாப்பாவுக்கும் சின்னவனுக்கும் தாத்தாவின் முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், விசாப் பக்கம், வங்கிக் கடன் காகிதம் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடு. ஒன்றைப் பெரியம்மா மகன் திரும்பி வரும்போது அவனிடம் கொடுத்தனுப்பு. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால், ஏதாவது காரணம் சொல்லி இந்த வாரமே கையில் வாங்கி வைத்துக்கொள்.