ராணுவ மருத்துவரான மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியாகப் பொறுப்பேற்றிருக்கும் உன்னை, "டாக்டருக்கு என்ன கவலை, பின்னால் கூடாரத்தில் இருப்பவர்தானே" என்று சக அதிகாரிகள் சிலர் கேலி செய்வதாக எழுதியிருந்தாய். அவர்களோடு நீ வாதாட வேண்டாம். ஆனால் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜைப் பற்றி நீ அறிந்திருக்க வேண்டும்.

1941-இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர், தொழிலால் மருத்துவர். கொரியப் போர் மூண்டபோது இந்தியா சண்டைப் படையை அனுப்பாமல், அவர் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. 1950 நவம்பரில் அவர்கள் போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே சீனப் படைகள் முன்னேறிவர, வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கத் தொடங்கின. பிரிவின் கருவிகளையும் மருந்துகளையும் ஏற்றிச் செல்ல வாகனம் இல்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு உயிரோடு தப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கத்தியும் மருந்தும் கட்டுத்துணியும் இல்லாத மருத்துவப் பிரிவு அடுத்த களத்தில் காயம்பட்டவனுக்கு எதற்கு உதவும்? அவர்கள் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனில் ஊற்றி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த தங்கள் வீரர்களைக் கொண்டே அதைக் கிளப்பினார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு அந்த ரயில் ஆற்றைக் கடந்துவிட்டது.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். 1951 மார்ச் 23 அன்று, முன்சான் பகுதியில் அமெரிக்காவின் 187-ஆவது பாராசூட் படைப்பிரிவினரோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாக 12 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். கைப்பட்டையில் செஞ்சிலுவை இருந்தால் மோர்ட்டார் குண்டு ஒதுங்கிப் போய்விடாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நிலையில்தான் காயம்பட்டவர்களைச் சேர்த்து, அங்கேயே அறுவை செய்து பலரைப் பிழைக்க வைத்தார்கள். ரங்கராஜுக்குப் போர்க்கள வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

என்னைக் கேட்டால், அந்தக் குதிப்பைவிட ரயிலையே பெரிதாகச் சொல்வேன். குதிக்கும்போது முன்னே போகச் சொல்லும் கட்டளையும் உடன் குதிக்கும் ஆட்களும் உண்டு. பியோங்யாங்கிலோ ஊரே ஓடிக்கொண்டிருக்க, இன்னும் காயம்படாத ஒருவனுக்காக அவர்கள் தங்கி நின்றார்கள். குண்டு பாயும் இடத்துக்கு ஸ்ட்ரெச்சரோடு ஓட நேரும் நாள் உனக்கும் வரலாம். தகப்பன் என்ற முறையில் அந்த நாள் வரக்கூடாது என்றே வேண்டுகிறேன். ஆனால் வந்தால் ஓடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன்பே உன் பையில் ரத்தக்கசிவை நிறுத்தும் பட்டைகள் போதுமான அளவு இருக்கின்றனவா, இருட்டில் கைவிட்டால் அவை சட்டென அகப்படுமா என்று நீயே பார்த்துக்கொள். பிறர் சொல்லை நம்பி விட்டுவிடாதே.

தண்ணீர் சுமந்து கொதிகலனை நிரப்பிய வீரர்கள் யார் யார் என்று கதை சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உன்னோடு ஸ்ட்ரெச்சர் தூக்கப்போகும் உதவியாளர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், யாருக்கு என்ன வேலை கைவந்தது என்பதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா