டார்கெட்டும் வாத்தியாரும்

தக்கலை

அன்புள்ள ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டு ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். மழைதான் விட்டபாடில்லை.

சரி, நீ கிண்டலாகக் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். பேங்கில் டார்கெட் வைத்தார்கள், இன்சென்டிவ் கொடுத்தார்கள், வேலை நடந்தது. மாணவர் மார்க்கைப் பார்த்து போனஸ் தருகிறோம் என்றால் மட்டும் வாத்தியார்மார் ஏன் கொடி பிடிக்கிறீர்கள் என்கிறாய். எங்கள் ஸ்டாஃப் ரூமில் வந்து இதைக் கேட்டால் டீ கிளாஸ் பறக்கும்.

உனக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005 முதல் ஆந்திராவின் கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வருடச் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம்தான் போனஸ். இரண்டு வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மார்க் நன்றாகவே கூடியது. ஆசிரியர்களின் வருகை கூடவில்லை. ஆனால் வந்தவர்கள் கூடுதல் வகுப்பு எடுத்தார்கள், பயிற்சித் தேர்வு வைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒன்றைக் கவனி: அங்கே பிள்ளை எந்த இடத்தில் தொடங்கி எவ்வளவு தூரம் வந்தது என்றுதான் அளந்தார்கள். தேர்வு நடத்தியதும் வெளியாட்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. நாஷ்வில் நகரில் 2006 முதல் மூன்று கல்வியாண்டு, விருப்பப்பட்டுச் சேர்ந்த சுமார் 300 கணக்கு ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு 15,000 டாலர் வரை போனஸ் வாய்ப்பு வைத்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் மாணவர் மார்க்கில் வித்தியாசமே இல்லை. ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் தெரிந்தது, அதுவும் அடுத்த வருடத்துக்குள் கரைந்துவிட்டது. நியூயார்க்கில் பள்ளி மொத்தத்துக்கும் சேர்த்துப் போனஸ் கொடுத்து, சுமார் 56 மில்லியன் டாலர் செலவழித்தபின் 2011-ல் மூட்டை கட்டினார்கள். 2012-ல் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் எதிர்த்தவற்றில் இதுவும் ஒன்று.

காசு கொடுத்தும் ஏன் நடக்கவில்லை? என் பதில் எளிது. பெரும்பாலான வாத்தியார்கள் ஏற்கெனவே தெரிந்ததையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பின்னங்களை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாதவனுக்கு, பணத்தைக் காட்டினால் தெரிந்துவிடுமா? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையைப் பார். மாணவர் மார்க்குகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகிறதாம்.

மீதி எங்கே என்கிறாயா? என் பத்தாம் வகுப்புக்கு வந்து பார். விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டு முதல் பீரியடில் கண் சொருகும் பையன்கள் இருக்கிறார்கள். இப்போது மழை என்பதால் ரப்பர் வெட்டு இல்லை, சரியான நேரத்துக்கு வருகிறான்கள். ஆனால் வீட்டில் வரும்படியும் இல்லை. பக்கத்து செக்‌ஷனில் டாக்டர் பிள்ளையும் டியூஷன் போகும் பிள்ளைகளும். இரண்டு செக்‌ஷன் மார்க்கையும் பக்கத்தில் வைத்து யாருக்குப் போனஸ் என்று முடிவு செய்தால், அடுத்த ஜூனில் என் வகுப்பை எடுக்க எவன் முன்வருவான்? இப்போது எனக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த செக்‌ஷன் டீச்சர் வந்து என் மெல்லக் கற்கும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு போட வைக்கிறார். அதுவும் போய்விடும். பி.டி. மாஸ்டருக்கும் டிராயிங் மாஸ்டருக்கும் எதை வைத்து அளப்பார்கள் என்று யாரும் யோசிப்பதே இல்லை.

நம்மூரில் போனஸ் இல்லாமலே இது பாதி நடக்கிறதே, மக்கா. நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகை வைப்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனின் அப்பாவைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிக்கூடங்கள் உனக்கும் தெரியும். ஜனவரி வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மினிமம் மெட்டீரியல்தான், பாஸாக மட்டும் போதுமான கேள்வி-பதில் தொகுப்பு. 35 வாங்கிவிடுவான், அடுத்த வருடம் பாலிடெக்னிக்கில் போய் முழிப்பான். பலகைக்கே இந்தப் பாடு என்றால் பணத்துக்கு?

அது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகள் சாட்சி. 2011-ல் வந்த மாநில விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளில் 178 பேர் பெயர் அடிபட்டது. பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான பதிலை அழித்துச் சரியானதைக் குறித்திருக்கிறார்கள். 2015-ல் பதினொரு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது நீதிமன்றம். இங்கிலாந்தில் 1862-லேயே இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்று கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று அதைக் கைவிட.

உன் டார்கெட் கதையும் எனக்கு மறக்கவில்லை. எஃப்.டி. போட வந்த பென்ஷன்காரர்கள் தலையில் இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டினோம் என்று போன தடவை நீதானே புலம்பினாய்?

நல்ல வாத்தியாருக்குக் கூடுதலாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பு மாதிரி ஒன்றை விரும்பி எடுப்பவருக்குக் கொடுக்கட்டும். மார்க் வந்தபிறகு வேண்டாம், எடுக்கும்போதே கொடுக்கட்டும். அதோடு காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்பினால் இன்னும் நல்லது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் அதுவும் ஆபத்து என்றார்கள்.

ஓணத்துக்கு நமக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அக்கா வீட்டுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது; மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வைக்கச் சொல்கிறேன், சண்டையை நேரில் போடலாம்.

அன்புடன்,
செல்வன்